கெட்டிமேளம் கேட்டால் எழுந்திருக்கவும்

ஓர் அணை என்று இருந்தால் அதற்கு ஷட்டர் இருக்க வேண்டும். நாணல்துறை அணைக்கு இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, காவிரிக் கரையோடு மேற்கே போய், கண்டக்டர் சொல்வதற்கு முன்னாலேயே மீன் வறுவல் வாசனை எங்கே மூக்கைத் துளைக்கிறதோ அங்கே இறங்கினால் அதுதான் நாணல்துறை.

அணையின் சிறப்பு அம்சங்களைச் சொல்லிவிடுகிறேன். மேலே வரிசையாக ஷட்டர்கள். பக்கத்தில் பூங்கா. பூங்காவில் ஒரு சறுக்கு மரம், சங்கிலி உள்ள ஊஞ்சல் ஒன்று, சங்கிலி இல்லாத ஊஞ்சல் இரண்டு. வாயைப் பிளந்துகொண்டு குப்பைக்காகக் காத்திருக்கும் சிமென்ட் பென்குயின்கள். மக்கள் இரக்கப்பட்டு அவற்றின் காலடியில் குப்பையை வைத்துவிட்டுப் போவார்கள். ஷட்டருக்குக் கீழ்ப்பக்கம் ஆற்றுப் பாறைகள். அங்கே யாரும் இறங்கக் கூடாது என்பதற்காக ஒரு பலகை: "ஆபத்தான பகுதி. இறங்காதீர்." இந்தப் பலகை பொதுமக்களுக்கு மிகவும் பயன்பட்டது. குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டைக் காயப்போட அங்கே வேறு இடம் கிடையாது.

பாதுகாப்பு என்றும் ஒன்று இருந்தது. கையால் சுற்றுகிற ஒரு பழைய சைரன். ஷட்டர் திறப்பதற்கு முன்னால் அதைச் சுற்றுவார்கள். எருமைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி அது ஊளையிடும். பாறையில் இருப்பவர்கள் பிள்ளையையும் தூக்குச் சட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வருவார்கள். தண்ணீர் வரும். எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு மீன் சாப்பிடுவார்கள். இப்படியே பல வருஷங்கள் எந்த முன்னேற்றமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் முன்னேற்றம் வந்தது. இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "அணை நன்று. மீன் மிக நன்று. சைரன் சத்தத்தில் குழந்தை பயந்து ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டது. இரண்டு நட்சத்திரம்."

அந்த நேரம் பார்த்து நீர்க்கேளிக்கைத் துறை, 'நட்சத்திர நல்வாழ்வுத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஆடி மாத முடிவில் எந்த அணைப் பூங்கா நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கிறதோ, அது பொதுமக்கள் நலன் கருதி மூடப்படும்; அங்கே உள்ள கடைகள் பொதுமக்கள் நலன் கருதி அகற்றப்படும். ஷட்டர்கள் துருப்பிடித்திருந்தால் என்ன செய்வது என்று திட்டத்தில் இல்லை. துருவுக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை.

நாணல்துறை அப்போது நான்குக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

இந்தச் செய்தி லூர்துராணியின் எண்ணெய்ச் சட்டியில் வந்து விழுந்தது. லூர்துராணி மேல்கரையில் மீன் வறுத்து விற்கிறவர். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தது அந்தச் சட்டிதான். மூன்றாவது பெண் நர்ஸிங் படிப்பதும் அந்தச் சட்டியை நம்பித்தான். அவர் ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே அணை அலுவலகத்துக்குள் போனார். உதவிப் பொறியாளர் முருகானந்தம் அங்கே இருந்தார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிற, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர்.

"சார், எவன் வீட்டுக் குழந்தையோ ஐஸ்கிரீமைக் கீழே போட்டா என் கடையைத் தூக்குவீங்களா?"

"நான் தூக்கலீங்கம்மா. திட்டம் தூக்குது."

"அந்த ஐஸ்கிரீமை நான் வாங்கிக் குடுத்துடறேன் சார்."

"அதுக்கு விதியில இடமில்லீங்கம்மா. சைரனை மாத்தறதுக்குத்தான் இடம் இருக்கு."

சைரனை மாற்றுவது குறித்து உயர்மட்ட ஆலோசனை நடந்தது. செயற்பொறியாளர் வேணி மேடம் தலைமை வகித்தார். மக்களின் மனம் புண்படாத வகையில் அவர்களை எச்சரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்படி ஒலிபெருக்கியில் ஓர் இனிய பெண் குரல் பதிவு செய்யப்பட்டது:

"அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளே. தங்கள் இனிய பொழுதுக்கு இடையூறு செய்ய நேர்ந்தமைக்கு நாணல்துறை அணை நிர்வாகம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. தாங்கள் அமர்ந்திருக்கும் பாறையின் அழகை நாங்கள் அறிவோம். எனினும், தங்களுக்குச் சௌகரியப்படுமானால்..."

சௌகரியப்படுமானால் என்ற இடம் வரும்போது தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது. நல்ல வேளை, எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். ஈரமான ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டு, "குரல் இனிமை, கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்" என்று எழுதினார்.

மறுபடியும் ஆலோசனை. வந்தவர்களுக்கு வறுவல் கொடுக்க உள்ளே போன லூர்துராணி திரும்பி வெளியே வரவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார்.

"ஜனங்க தானா எந்திரிக்கணும், பயப்படவும் கூடாது" என்றார் வேணி மேடம். "அப்படி ஒரு சத்தம் உலகத்துல இருக்கா முருகானந்தம்?"

"தேசிய கீதத்துக்கு எந்திரிப்பாங்க மேடம்."

"எந்திரிச்சு அங்கேயே நிப்பாங்க. தண்ணி வரும்போது நிக்கலாமா?"

"கெட்டிமேளம்" என்றார் லூர்துராணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"கல்யாணத்துல பாருங்க மேடம். ஐயர் மந்திரம் சொல்ற வரைக்கும் எவனாவது அசையுறானா? போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பான். கெட்டிமேளம்னு ஒரு சத்தம் வந்துச்சுன்னா மண்டபமே எந்திரிச்சு நிக்கும். அப்புறம் எங்க போகும்? நேரா பந்திக்கு. பந்தி மேல இருக்கு, என் கடை பக்கத்துல."

வேணி மேடம் வறுவலைக் கீழே வைத்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் வாழ்நாளில் நூறு கல்யாணமாவது போனவர்கள். லூர்துராணி சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. "கலாசார அடிப்படையிலான வெளியேற்ற முறை" என்று அதற்குப் பெயர் வைத்து, அன்றே மேலே அனுப்பினார்கள்.

ஆனி பிறந்தது. ஷட்டர் திறக்கும் முன் ஒலிபெருக்கியில் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கின. பாறையில் இருந்த கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்தது. இரண்டு பேர் பழக்க தோஷத்தில் கையில் இருந்த பொரியை முன்னால் நின்றவர் தலையில் தூவினார்கள். பிறகு மொத்தக் கூட்டமும், உத்தரவு எதுவும் இல்லாமலேயே, பந்தியில் இடம் பிடிக்கிற வேகத்தில் மேலே ஏறி லூர்துராணி கடை முன்னால் வந்து நின்றது. சில பெரியவர்கள் ஸ்டூலின் மேல் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். கீழே தண்ணீர் பாய்ந்தது. ஒருவர் காலும் நனையவில்லை.

அணை நான்கு நட்சத்திரத்தைத் தாண்டியது. பழைய சைரனை வண்ண விளக்குப் போட்டு, பின்னால் இரண்டு சிறகு வரைந்து, செல்ஃபி எடுக்கும் இடமாக மாற்றினார்கள். யாராவது சுற்றிவிட்டால் ஆபத்து என்று பாதுகாப்புக் கருதி அதன் கைப்பிடியைக் கழற்றி, வேணி மேடத்தின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சர்ஃபராஸ் வந்தார்.

சர்ஃபராஸ் பாலக்கரைக்காரர். கல்யாணப் போட்டோ எடுப்பவர். ஒருநாள் மீன் சாப்பிட வந்தவர் கெட்டிமேளத்தையும் கேட்டார். பின்னால் ஷட்டரிலிருந்து வெள்ளைவெளேரென்று விழுந்த தண்ணீரையும் பார்த்தார். கையில் இருந்த மீனை மறந்தார்.

"ராணிக்கா, இதுல ஒரு மாப்பிள்ளை பொண்ணை நிப்பாட்டினா எப்படி இருக்கும்? மேளம் ஃப்ரீ, தண்ணி ஃப்ரீ, ஜனம் தானா எந்திரிக்குது. மாஷா அல்லாஹ், மண்டபமே வேணாம்."

"கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு மீனா தம்பி போடறது?"

"ஆத்துல கல்யாணம் பண்ணா ஆத்துல இருக்கறதைத்தானேக்கா போட முடியும்."

முதல் ஜோடி பாறையில் நின்று தாலி கட்டியது. அந்த வீடியோவை ஊரே பார்த்தது. அடுத்த முகூர்த்தத்துக்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அணையில் கட்டாத தாலி ஒரு தாலியா என்று உறவுக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு குடும்பம், "பிரவாஹ சந்நிதியில் பாணிக்ரஹணம் விசேஷம்", அதாவது ஓடும் தண்ணீர் முன்னால் கைப்பிடிப்பது விசேஷம் என்று சொல்லி, மடி கெடாமல் பாறை வரை நடந்து வந்தது.

துறையும் சும்மா இருக்கவில்லை. மணமக்கள் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்த வாரமே சின்னக்கடை வீதியில் பட்டுக்கரை போட்ட லைஃப் ஜாக்கெட் தொங்கியது. மாப்பிள்ளைக்கு மயில் கழுத்து நிறம், பெண்ணுக்கு அரக்கு. நாத்தனார் முடிச்சு போடுவதற்கு வசதியாகப் பின்பக்கம் ஜிப். ஜாக்கெட் தரமானதா என்று யாரும் கேட்கவில்லை. சரிகை அசலா என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு சிக்கல். ஷட்டர் திறந்தால்தான் கெட்டிமேளம் வாசிக்க விதி இருக்கிறது. முகூர்த்தமோ காலை ஆறிலிருந்து ஏழரை. மக்கள் மனு கொடுத்தார்கள். துறை பரிவோடு பரிசீலித்து, இனி முகூர்த்த நேரத்தில் மட்டும் ஷட்டர் திறக்கப்படும் என்று அறிவித்தது. பஞ்சாங்கம் அலுவலகச் சுவரில் ஏறியது. நீர்மட்டம் காட்டும் அட்டவணை அதற்கு இடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியது.

லூர்துராணி சட்டியை மாற்றி அண்டா வைத்தார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாததால் கெட்டிமேளம் இல்லை. கெட்டிமேளம் இல்லாததால் ஷட்டர் இல்லை. கீழே வயல் வைத்திருக்கிற வீரமலை சைக்கிளில் வந்து அலுவலக வாசலில் நின்றார்.

"சார், தண்ணி விடுங்க. நாத்து காயுது."

"இது ஆடி மாசம்ங்க" என்றார் முருகானந்தம்.

"ஆடியிலதான் சார் தண்ணி வேணும்."

"ஆடியில நல்ல காரியம் பண்ணக் கூடாதுங்களே."

"தண்ணி விடறது நல்ல காரியமா சார்?"

"ரொம்ப நல்ல காரியம். அதனாலதான் விட முடியலை."

வீரமலை சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். "அப்ப கெட்ட காரியமா நெனச்சு விடுங்க சார்" என்றார். அதற்குத் தனியாக ஆணை வேண்டும் என்று முருகானந்தம் சொல்லிவிட்டார்.

அணைக்கு மேல்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. ஷட்டர்கள் முனகின. ஆடிப் பதினெட்டும் வந்தது. வேணி மேடம் சிறந்த நட்சத்திர அணைக்கான விருது விஷயமாகச் சென்னை போயிருந்தார். ஆற்றில் சொல்லவே வேண்டாம். மஞ்சள் கயிறு மாற்றுகிறவர்கள், காதோலை கருகமணி விடுகிறவர்கள், புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று பாறையே தெரியாத அளவுக்குக் கூட்டம். எச்சரிக்கைப் பலகையும் தெரியவில்லை. அதன்மேல் அவ்வளவு துண்டுகள்.

பத்து மணிக்கு ஷட்டர் இயக்குபவர் ஓடி வந்தார். "சார், இன்னும் அரை மணி நேரத்துல நாம திறக்கலைன்னா அதுவே திறந்துக்கும்."

முருகானந்தம் விதிப்படி கெட்டிமேளம் போடச் சொன்னார்.

நாகஸ்வரம் முழங்கியது. பாறையில் எல்லாரும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் மேலே வரவில்லை.

"ஆடியில எவன்டி கல்யாணம் பண்றான்?"

"வீட்டுக்குத் தெரியாம ஓடி வந்த ஜோடியா இருக்கும். வா, யாரு வீட்டுப் பொண்ணுன்னு பாத்துட்டு வருவோம்."

மேலே பூங்காவில் இருந்தவர்களும் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். ஊஞ்சலில் இருந்தவர்கள் இறங்கினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே இறங்கினார்கள். முருகானந்தம் மேளத்தைச் சத்தமாக வைக்கச் சொன்னார். சத்தம் கூடக் கூட, பெரிய இடத்துக் கல்யாணம் போலிருக்கிறது என்று கூட்டம் இன்னும் வேகமாக இறங்கியது.

"சைரனைச் சுத்துங்க சார்" என்றார் ஷட்டர் இயக்குபவர்.

"கைப்பிடி அலமாரியில இருக்கு."

"அலமாரியைத் திறங்க."

"சாவி சென்னையில இருக்கு."

லூர்துராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஓர் ஆள் போனாலும் பூங்கா போகும், கடை போகும், மகளின் படிப்பு போகும். கூட்டத்தில் பாதிப் பேர் தெரிந்த முகம் வேறு. அவர் அலுவலகத்துக்குள் நுழைந்து முருகானந்தத்தின் கையிலிருந்த மைக்கை, பொரிந்த மீனைச் சட்டியிலிருந்து எடுக்கிற மாதிரி, லேசாக எடுத்தார்.

"எல்லாரும் கவனிங்க. மேல பந்தி போட்டாச்சு. வறுத்த மீன் இன்னிக்கு எல்லாருக்கும் இலவசம். கொஞ்சம்தான் இருக்கு, தீந்துடும்."

காவிரி கரிகாலன் காலத்திலிருந்து எத்தனையோ வேகத்தைப் பார்த்திருக்கும். இதைப் பார்த்திருக்காது. பாறை துடைத்து வைத்த மாதிரி ஆனது. கவுச்சியே தொடாதவர்களும் ஏறினார்கள், இலவசம் என்கிறார்களே, என்னதான் என்று பார்ப்போம் என. கடைசி ஆள் பலகையிலிருந்து தன் துண்டை உருவிக்கொண்டு ஏறியதும் ஷட்டர்கள் திறந்தன. பாறை இருந்த இடத்தில் ஆறு போனது.

யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் இடம் போய்விடும்.

அண்டாவில் இருந்த மீன் முதல் நாற்பது பேரோடு தீர்ந்தது. மீதிப் பேர் வெறுங்கையோடு நின்றார்கள். அப்புறம் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள்.

"இலவசம் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஒரு நட்சத்திரம்." "குடும்பத்தோடு மேலே ஏறியும் வால் துண்டுதான் கிடைத்தது. ஒரு நட்சத்திரம்." "உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம், அவ்வளவுதான். ஒரு நட்சத்திரம்."

மாலைக்குள் அணை இரண்டுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் லூர்துராணிக்கு ஆணை வந்தது. பொய்யான அறிவிப்பின் மூலம் பொதுமக்களை ஆற்றிலிருந்து வெளியேற்றிய குற்றத்துக்காக அவருடைய கடை உடனடியாக அகற்றப்படுகிறது.

"நான் சொல்லலைன்னா அத்தனை பேரும் போயிருப்பாங்களே சார்."

"போயிருந்தா நட்சத்திரம் போட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றார் முருகானந்தம்.

ஆடி முடிந்ததும் பூங்காவையும் மூடினார்கள். அதாவது பூங்காவின் வாசலை மூடினார்கள். ஆற்றுக்கு வாசல் கிடையாது என்பதால் மக்கள் ஆற்று வழியாக வந்து பாறையில் உட்கார்ந்துகொண்டார்கள். நுழைவுச் சீட்டு இல்லாததால் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

லூர்துராணி வாசலுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி போட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து ஆற்றில் இருப்பவர்களைக் கூப்பிடத் தொண்டை போதவில்லை. அப்போதுதான் செல்ஃபி இடத்தைப் பிரித்து, சிறகு வேறு சைரன் வேறாகப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அவர் சைரனை மட்டும் வாங்கினார். கைப்பிடிக்குப் பதில் தேய்ந்த ஜல்லிக்கரண்டியின் காம்பைச் செருகினார். முதல் ஈடு பொரிந்ததும் சுற்றினார்.

பாறையில் இருந்தவர்கள் பிள்ளையையும் தூக்குச் சட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தார்கள். ஒருநாள் இலவசம் கொடுத்த அம்மா இன்னொரு நாளும் கொடுக்காமலா போய்விடும் என்ற நம்பிக்கைதான். குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடி வந்தன. ஒன்றும் கீழே விழவில்லை.

முருகானந்தம் ஜன்னல் வழியாக இரண்டு மூன்று நாள் பார்த்தார். மீன் பொரிந்தால் ஆறு காலியாகிறது. ஆறு காலியானால் ஷட்டர் திறக்கலாம். அதற்கப்புறம் அவர் காலையில் ஸ்கூட்டரை முதலில் தள்ளுவண்டி பக்கம் நிறுத்துவார்.

"எண்ணெய் காஞ்சிடுச்சுங்களாம்மா?"

"இப்பதான் சார் வச்சேன். மசாலா ஊறணும்."

அவர் உடனே வீரமலைக்குப் போன் போடுவார். "மசாலா ஊறிட்டிருக்குங்க. பதினொரு மணிக்குத் தண்ணி வந்துடும், வாய்க்காலைப் பாத்துக்குங்க."

ஆவணியிலேயே துறை உண்மையை ஏற்றுக்கொண்டது. 'அவசரகால எச்சரிக்கைக் கருவி, வகை: மீன்' என்று லூர்துராணியின் கடையைப் பதிவு செய்து, பழைய இடத்திலேயே போட்டுக்கொள்ள அனுமதித்தது. சட்டி மேல்கரைக்குத் திரும்பியது. மகள் காலேஜுக்குப் போனாள். ஆவணி முகூர்த்தங்கள் வந்தும் கல்யாணக்காரர்கள் யாரும் அணைப் பக்கம் வரவில்லை. மீன் சைரனில் தாலி கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. பூங்காவைத் திறந்தார்கள். வேணி மேடம் அலமாரியைத் திறந்து, கைப்பிடியைத் தன் கையாலேயே லூர்துராணிக்குப் பொன்னாடையில் வைத்துக் கொடுத்தார்.

புரட்டாசிக்கு முந்தின நாள் லூர்துராணி சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்று ஓடி வந்தார் முருகானந்தம்.

"துவாக்குடியில மக வீட்டுக்கு சார். புரட்டாசியில இந்த ஊர்ல எவன் மீன் திங்கறான்? பெருமாள் மாசம். நீங்களே தொட மாட்டீங்க."

"அது சரிங்கம்மா. மேட்டூர்ல தண்ணி நெறைய வருதுன்னு சொல்றாங்களே. சைரனையாவது சுத்திட்டுப் போகலாமே."

"சுத்திப் பாருங்க சார். புரட்டாசியில மீன் சத்தம் கேட்டா, காதைப் பொத்திக்கிட்டு அங்கேயேதான் உக்காந்திருப்பாங்க."

அன்றிரவு அவசர ஆலோசனை நடந்தது. சுண்டலுக்கு என்ன ஊதுவது என்று பேசிப் பார்த்தார்கள். முடிவு எட்டவில்லை. கடைசியில் வேணி மேடம்தான் பிரச்சினையின் ஆணிவேரைக் கண்டுபிடித்தார். ஆபத்து மக்களால் வருவதில்லை, வெள்ளத்தால் வருகிறது. ஆகவே உத்தரவு போட வேண்டியது வெள்ளத்துக்கு.

காலையில் பாறைக்கு மேலே புதுப் பலகை நின்றது: "புரட்டாசி மாதம் முடியும் வரை இவ்வாற்றில் வெள்ளம் வருவது தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்."

மக்கள் வந்தார்கள். நின்று, ஒரு வரி விடாமல் படித்தார்கள். நாணல்துறையில் ஒரு பலகையை ஜனங்கள் முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை. கவர்ன்மென்ட்டே சொல்லிவிட்டது என்று நடு ஆற்றுப் பாறையில் பாயை விரித்து, புளிசாதத்தைப் பிரித்து, ஈரத் துண்டைப் பலகை மேலேயே காயப் போட்டார்கள். போனை எடுத்து எழுதினார்கள்: "இப்போதுதான் பாதுகாப்பாக உணர்கிறோம். ஐந்து நட்சத்திரம்."

ஆணையின் நகல் ஒன்று தகவலுக்காகக் காவிரிக்கும் அனுப்பப்பட்டது. பதில் வந்துகொண்டிருக்கிறது. மேட்டூரைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள்.